கைபடாத தீவாம் உபின்!

நேற்று ஒரு ரீலில் சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவைக் காட்டி ‘மனிதக் கைபடாத தீவு’ என்று ஒருவர் உருகிக்கொண்டிருந்தார். சிரிப்புதான் வந்தது. நூறு வருஷத்துக்கு மேல் வெடி வைத்துக் கல் உடைத்த தீவு ஐயா அது. ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும் சிங்கப்பூரை மலேசியாவோடு இணைக்கும் ஜொகூர் கடற்பாலத்துக்கும் கருங்கல் போனது அங்கிருந்துதான். கடைசிக் குவாரியை மூடியதே 1999இல்.

எனக்கு அந்தத் தீவு பிடித்துப்போனதற்குக் காரணமும் அதுதான். தோண்டித் தோண்டி, வேலை முடிந்ததும் விட்டுவிட்டுப் போன பள்ளங்களில் மழைத்தண்ணீர் நிறைந்து இன்றைக்கு ஏரியாகக் கிடக்கிறது, அதன் நடுவில் நாரைகள் கூடு கட்டுகின்றன. சிங்கப்பூரில் காணாமலே போயிருந்த இருவாச்சிப் பறவை 1994இல் திரும்பிவந்து எட்டிப் பார்த்ததும் இங்கேதான். இந்தத் தீவின் செக் ஜாவா கடற்கரையை நிலமாக்க மண் கொட்டி மூடப் பார்த்தார்கள். ஆர்வலர்கள் விடாமல் எழுதியும் பேசியும் 2001 கடைசியில் அதைத் தள்ளிப்போட வைத்தார்கள். தள்ளிப்போட்டதுதான், ரத்து செய்ததில்லை. அங்கே போகிறவர்கள் கடல் வற்றி உயிரினங்கள் தெரியும் நேரம் பார்த்துப் போங்கள், இல்லையென்றால் பலகைப் பாதையில் நின்று வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

போன ஜூனில் ஊரிலிருந்து வந்த அத்தையையும் மாமாவையும் கூட்டிப்போனேன். சாங்கி படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும். நாங்கள் ஒன்பது பேர், அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். “நம்ம ஊரு ஷேர் ஆட்டோ மாதிரில்ல இருக்கு” என்றார் மாமா. ஆளுக்கு நாலு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பத்துப் பதினைந்து நிமிஷத்தில் அக்கரை. மலையேறலாம் என்று நான் சொன்னதை நம்பி ஷூ எல்லாம் போட்டு வந்தவர், புவாக்கா குன்றின் உயரம் 75 மீட்டர்தான் என்றதும் “பரங்கிமலைகூட இதைவிடப் பெருசுடா” என்று மானத்தை வாங்கிவிட்டார். ஆனால் மேலே போய் அந்தக் குவாரி ஏரியைப் பார்த்த பிறகு பத்து நிமிஷம் பேச்சே இல்லை.

இறங்கும்போது காட்டுப்பன்றி ஒன்று இட்லிப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பிளாஸ்டிக் பை சரசரத்தால் போதும், வந்துவிடுகிறது. தப்பு அதன் மேல் இல்லை, செல்ஃபிக்காக ரொட்டி போட்டுப் பழக்கியவர்கள் மேல்தான்.

அப்புறம் அந்த ஜெர்மன் பெண் கோயில். முதல் உலகப் போர் சமயத்தில் காப்பித் தோட்டக்கார ஜெர்மன் குடும்பத்துப் பெண் ஒருத்தி தப்பி ஓடும்போது பாறையிலிருந்து விழுந்து செத்துப்போனாளாம். அவளைச் சாமியாக்கிவிட்டார்கள். உள்ளே பார்பி பொம்மை, சுற்றிலும் சென்ட் பாட்டில், கண்ணாடி, லிப்ஸ்டிக். இதை ஏதோ வினோதம் என்று சொல்லித்தான் சுற்றிக்காட்டுவார்கள், நானும் அப்படியே ஆரம்பித்தேன்.

அத்தை பாதியிலேயே நிறுத்தினார். “இதுல என்னடா அதிசயம், நம்ம வீட்டுக் கன்னித் தெய்வத்துக்குப் பாவாடையும் வளையலும் வைக்கலையா?” கைப்பையைத் துழாவி ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து, லிப்ஸ்டிக்குகளுக்கு நடுவே இடம் பார்த்து வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.