திட்டினால்தான் படிக்கிறேன்

விமர்சனத்தில் படம் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தால் இரண்டு வரியோடு தாண்டிவிடுகிறேன், ஆனால் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும், பார்க்கவே போகாத படமாக இருந்தாலும் தட்டில் சோறு ஆறுவது தெரியாமல் கடைசி வரி வரை படிக்கிறேன். இந்தக் கெட்ட பழக்கத்தை நம்பித்தான் யூடியூபில் தலையில் கை வைத்த போட்டோவோடு வந்து நிற்கிறார்கள். அமெரிக்க சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட் 1994-இல் ‘நார்த்’ படத்தை வெறுத்தேன், வெறுத்தேன் என்று அடுக்கி அடுக்கித் திட்டினார். சரி, அந்த மனுஷன் பிடித்த படத்தையும் அதே அக்கறையோடு எழுதியவர். இந்த யூடியூப்காரர்களுக்கு எந்தப் படமானாலும் ‘லேக்’, ‘கிரிஞ்ச்’, அவ்வளவுதான். திட்டுவதற்கும் கொஞ்சம் தமிழ் வேண்டாமா? நேற்று ஒன்று, பதினெட்டு நிமிடம், பாதி விளம்பரம். முழுசாகப் பார்த்துத் தொலைத்தேன்.