அம்மாக்களுக்கு நிர்வாகம் தெரியாதாம்

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். எங்கள் ஊர் சிறப்புக் குழந்தைகள் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்குழுவில் நானும் இருந்தேன், மூன்றாவது வரிசையில், புது ஏசிக்கு நேர் கீழே. வீடியோவில் கேட்காத சிரிப்பெல்லாம் எனக்குக் கேட்டது. மேடையில் இருந்தவர்கள் சிரித்ததைக்கூட விடுங்கள், எதிரில் உட்கார்ந்திருந்த நம் ஆட்களே சிலர் சிரித்தார்கள்.

என்னைப் போல இன்னொரு அம்மாவான திருப்பனந்தாள் அக்கா எழுந்து கேட்டது என்ன (கேள்வியைப் பின்னால் சொல்கிறேன்), சங்கத் தலைவர் ஐயா சொன்ன பதில் என்ன என்பது இந்நேரம் கும்பகோணத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். "அம்மாக்கள் உணர்ச்சிவசப்படுவார்கள், நிர்வாகம் என்பது வேறு." இதைச் சொல்லிவிட்டு மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டார். அடுத்தது பொன்னாடை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். சிறப்புக் குழந்தைகளுக்காக ஒரு சங்கம் நடக்கிறது என்றால் அதன் நிர்வாகக் குழுவில் அந்தக் குழந்தைகளைப் பெற்றவர்கள் இருக்க வேண்டும். ஆண்டு விழாவில் வரவேற்பு மேசையில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்பதற்கு அல்ல, தீர்மானத்தில் கையெழுத்துப் போடும் இடத்தில் இருக்க வேண்டும்.

புதுக் குழுவில் 11 பேர். ஓய்வுபெற்ற அதிகாரிகள், ஜவுளிக்கடை முதலாளி, ஆடிட்டர், டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று மட்டும் எங்கள் பிள்ளைகளைப் பார்க்க வரும் டாக்டர் ஒருவர், அப்புறம் யார் எதற்காக இருக்கிறார் என்றே தெரியாத இரண்டு மூன்று பேர். பெற்றோர் ஒருவர்கூட இல்லை. போட்டியிட வேண்டுமானால் ஆயுள் உறுப்பினராக இருக்க வேண்டும், ஆயுள் சந்தா 25,000 ரூபாய். பிள்ளையைத் தெரபிக்கு அழைத்து வருவதற்காகவே வேலையை விட்ட அம்மாவிடமும் ஷேர் ஆட்டோ ஓட்டும் அப்பாவிடமும் அந்தப் பணம் இருக்காது என்று விதி எழுதியவர்களுக்குத் தெரியாதா என்ன.

உணர்ச்சிவசப்படுவதைப் பற்றி முதலில் பேசிவிடலாம். நான் ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதுகிறேன். குறுவை அறுப்பு நேரத்தில் எத்தனை லோடு வந்தது, ஈரப்பதம் எவ்வளவு, யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் என் நோட்டில்தான் இருக்கும், ஜிஎஸ்டி கணக்கும் நான்தான் போடுகிறேன். ஒரு நாளும் முதலாளி என்னைப் பார்த்து "நீ உணர்ச்சிவசப்படுவாய், கணக்கு வேறு" என்று சொன்னதில்லை. திருப்பனந்தாள் அக்கா குத்தகைக்கு எடுத்த நிலத்தில் சம்பா போடுகிறவர். மேட்டூரில் தண்ணீர் திறந்த செய்தி வந்ததிலிருந்து மூட்டையைக் கொள்முதல் நிலையத்தில் இறக்கிப் பணம் வாங்கும் வரை அத்தனையும் அவர் தலையில், நடுவில் மூளை முடக்குவாதம் உள்ள பெண் பிள்ளையைத் தூக்கிக் குளிப்பாட்டுவதும் அவர்தான். இவருக்கு நிர்வாகம் தெரியாதாம்.

போன வருடம் ஹால் திறப்பு விழாக் கல்வெட்டில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று மாதக்கணக்கில் சண்டை போட்டு, ஒருவர் கூட்டத்துக்கே வராமல் இருந்து, கடைசியில் கல்லையே மாற்றி எழுதினார்களே, அதற்கு என்ன பெயர் என்று தலைவர் ஐயா சொல்லட்டும். அது நிர்வாகம் போலிருக்கிறது.

"பெற்றோர் வந்தால் தன் பிள்ளைக்கு மட்டும்தான் பார்ப்பார்கள்" என்று ஒருவர் கமெண்டில் எழுதியிருந்தார். படித்தவர், மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். அண்ணே, எங்கள் முதலாளி இருக்கிற அரிசி ஆலை உரிமையாளர் சங்கத்தில் ஆலையே இல்லாதவரைத் தேடிப் பிடித்தா தலைவராக்குகிறார்கள்? சம்பந்தப்பட்டவர் பொறுப்பில் இருந்தால் தவறு நடக்கும் என்ற பயம் எங்கள் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் எப்படி முளைக்கிறது? 1999-ம் ஆண்டு நாடாளுமன்றம் தேசிய அறக்கட்டளைச் சட்டம் கொண்டுவந்தது, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக. அதன் தேசியக் குழுவில் பெற்றோர் சங்கங்களுக்கு மூன்று இடம் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். டெல்லியில் முடிகிறது, கும்பகோணத்தில் முடியவில்லை.

அதே தேசிய அறக்கட்டளைக்குத் தலைவராக இருந்தவர் பூனம் நடராஜன். மகனுக்காக அலைந்த ஒரு அம்மா, 1985-ல் சென்னையில் அவர் தொடங்கியதுதான் இன்றைய வித்யாசாகர் அமைப்பு. மும்பையில் 1972-ல் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆரம்பித்த மிது அலூர் யார்? மூளை முடக்குவாதம் உள்ள மாலினியின் அம்மா. டெல்லியில் ஆட்டிசத்துக்கென்று அமைப்பு தொடங்கிய மெர்ரி பரூவாவும் அம்மாதான். தெற்கே ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தை 1981-ல் தொடங்கிய ராமகிருஷ்ணன், கழுத்துக்குக் கீழே உடல் அசையாத நிலையில் இருந்துகொண்டு அதைச் செய்தவர். இவர்களெல்லாம் உணர்ச்சிவசப்பட்டதால்தான் இந்த நாட்டில் இத்தனை சிறப்புப் பள்ளிகள் இருக்கின்றன. தலைவர் ஐயா வகுப்பைத் தொடங்கி வைத்து ரிப்பன் வெட்டுவதற்கு வெகு காலம் முன்னால் நடந்த கதை இது.

தமிழ்நாட்டிலேயே 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேற்றி, கிராம ஊராட்சியிலிருந்து மாநகராட்சி வரைக்கும் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்க வழி செய்தார்கள். 12,000-க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளில் ஒவ்வொன்றிலும் ஒரு நாற்காலி. ஊராட்சிக்கே ஆகிறது என்றால் மாற்றுத்திறனாளிகளின் பெயரைச் சொல்லியே பதிவு செய்த சங்கத்துக்கு ஏன் ஆகாது?

"பெரிய மனிதர்கள் இருப்பதால்தான் நன்கொடை வருகிறது." வரட்டும். அவர்களை யாரும் போகச் சொல்லவில்லை. 11 பேரில் நான்கு பேர் பெற்றோராக இருந்தால் மீதி ஏழு பேரின் செக்புக் காணாமல் போய்விடாது.

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன், பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம். என் பையனுக்கு ஆட்டிசம். பதினெட்டை நெருங்குகிறான். பதினெட்டு முடிந்தால் சட்டப்படி அவன் மேஜர், அவனுக்காக நான் கையெழுத்துப் போட முடியாது. பெற்றவள் என்பதால் தானாகவே காப்பாளர் ஆகிவிட மாட்டேன். மாவட்ட ஆட்சியர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர் இருக்கும் உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பித்து, சட்டபூர்வக் காப்பாளர் என்று உத்தரவு வாங்க வேண்டும். (அந்த மூவர் குழுவிலும் மாற்றுத்திறனாளிக்கு இடம் இருக்கிறது, கவனித்தீர்களா.) இது எனக்கு எப்படித் தெரிந்தது? சங்கம் சொல்லவில்லை. பேங்கில் அவன் பெயரில் கணக்கு மாற்றப் போன இடத்தில் மாட்டிக்கொண்டு, வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதுவிட்டு, வேனுக்காக நிற்கும்போது இன்னொரு அம்மாவிடம் புலம்பியபோது அவர் சொன்னார். தன் பெண்ணுக்கு அலைந்து வாங்கியவர். நிராமயா என்று வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரைக்கும் மருத்துவக் காப்பீடு இருக்கிறது என்பதையும் அவர்தான் சொன்னார், போனில் படிவம் அனுப்பி, எங்கே என்ன எழுத வேண்டும் என்று ராத்திரி பதினோரு மணிக்கு ஆடியோ போட்டார். இதைத்தான் நான் நிர்வாகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவும் ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார், கடைசி வரிசையில்.

"எதுவாக இருந்தாலும் நன்றி மறக்கக் கூடாது." இதை எனக்கு நேரில் சொன்னவர்கள் உண்டு, இன்பாக்ஸில் எழுதியவர்களும் உண்டு. பதில் சொல்கிறேன். ஊரில் இருந்த பள்ளிகளெல்லாம் "எங்களால் சமாளிக்க முடியாது" என்று திருப்பி அனுப்பியபோது என் மகனைச் சேர்த்துக்கொண்டது இந்தச் சங்கம்தான். அங்கே இருந்த டீச்சர்தான் அவனுக்குப் பட்டன் போடக் கற்றுக்கொடுத்தார். பட்டன் போடுவதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்பது எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். அந்த டீச்சரின் காலில் விழக்கூட நான் தயார். அவருக்கு என்ன சம்பளம் தருகிறார்கள், ஏன் பாதியில் வேலையை விட்டுப் போனார் என்று கேளுங்கள். நன்றி யாருக்குச் சேர வேண்டுமோ அவர் இப்போது வீட்டில் டியூஷன் எடுத்துக்கொண்டிருக்கிறார். ஆசிரியர்களுக்கும் குழுவில் இடமில்லை, அதைத் தனியாக எழுத வேண்டும்.

நன்றியைப் பற்றி நான் பேசுவதானால் பஸ் ஸ்டாண்டு பக்கம் வைத்த ஃப்ளெக்ஸைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும். டிசம்பர் 3 விழாவில் மேளம் வைத்திருந்தார்கள். தவில் சத்தம் அவனுக்கு ஆகாது என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். "ஒரு நிமிஷம்தாம்மா" என்று மேடைக்குக் கூட்டிப்போய்க் கையில் பூங்கொத்தைத் திணித்தார்கள். அவன் பூங்கொத்தைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டான், ஒருவர் அவன் கையைப் பிடித்து இழுத்துக் கேமரா பக்கம் திருப்பினார். அந்தப் படம்தான் ஃப்ளெக்ஸில் வந்தது. அவன் முகம் கோணியிருக்கிறது, பக்கத்தில் நான்கு பேர் பளிச்சென்று சிரிக்கிறார்கள், மேலே "தெய்வக் குழந்தைகளுடன் நாங்கள்". என்னை யாரும் கேட்கவில்லை. மில்லுக்குப் போகும் வழியில் தினமும் அதைப் பார்த்துக்கொண்டு போனேன். எடுக்கச் சொல்லிக் கேட்டதற்குச் செயலாளர் சார் சொன்னது, "நல்ல விஷயம்தானேம்மா, ஏன் இப்படி எடுத்துக்கொள்கிறீர்கள்?" குழுவில் ஒரே ஒரு அம்மா இருந்திருந்தால் அந்தப் படம் பிரிண்டுக்குப் போயிருக்காது.

இப்போது அக்கா கேட்ட கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் வீடியோவைப் பரப்புகிறவர்கள் பதிலைத்தான் பேசுகிறார்கள், கேள்வியை யாரும் பேசவில்லை. அவர் கேட்டது: ஏசி ஹால் கீழே இருக்கிறது, வகுப்பறைகள் ஏன் மாடியில்? விருந்தினர்கள் வயதானவர்கள், படியேற முடியாது என்று காரணம் சொன்னார்கள். சக்கர நாற்காலிப் பிள்ளைகள் படியேறிவிடுவார்கள் போல. சாய்தளம் இல்லை, லிஃப்ட் இல்லை, ஒரே ஒரு படிக்கட்டு, அதுவும் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். அக்காவின் பெண்ணை ஆயா தூக்கிக்கொண்டுதான் ஏறுகிறார். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கட்டடங்களில் அணுகல் வசதி வேண்டும் என்கிறது. அதை அமல்படுத்தச் சொல்லி மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் சங்கம் இது.

இது எந்த ஊர் என்று இவர்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? 2004 ஜூலை 16. காசிராமன் தெரு. பள்ளித் தீயில் 94 பிள்ளைகள். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன், அன்று ஊரில் இருந்தவர்கள் யாரும் அதை மறக்கவில்லை. கீற்றுக் கூரையும் குறுகலான படிக்கட்டும் என்ன செய்யும் என்று நாடே இந்த ஊரைப் பார்த்துத் தெரிந்துகொண்டது, அதற்குப் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரையை எடுக்கச் சொன்னார்கள். அந்த ஊரில், ஓட முடியாத பிள்ளைகளை, கத்தக்கூடத் தெரியாத பிள்ளைகளை, மாடியில் உட்காரவைத்துவிட்டு, "ஏன்" என்று கேட்ட அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

"அதையும் இதையும் முடிச்சுப் போடாதே" என்பீர்கள். போடத்தான் செய்வேன். ஒன்றும் நடக்காமல் இருக்கும்போது கேட்டால் உணர்ச்சிவசம், நடந்த பிறகு கேட்டால் விசாரணைக் கமிஷன். கீழே ஹால், மேலே வகுப்பு என்று தீர்மானம் போட்ட அன்று அந்த அறையில் ஒரே ஒரு பெற்றோர் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா?

இதையெல்லாம் உள்ளே பேசியிருக்கலாமே, ஏன் முகநூலில் என்று கேட்கிறவர்களுக்கு: உள்ளேதானே பேசினார் அக்கா? பொதுக்குழுவில், கையைத் தூக்கி, அனுமதி வாங்கி, பெயர் சொல்லிவிட்டுத்தானே பேசினார்? எழுத்துபூர்வமாகக் கொடுங்கள் என்றால் அதுவும் கொடுத்தாயிற்று, சாய்தளம் கேட்டு அவரும் ஃப்ளெக்ஸைப் பற்றி நானும். ஒப்புகைச் சீட்டு இருக்கிறது. பதில் இல்லை.

அடுத்த வாரம் பெற்றோர் சிலர் சேர்ந்து ஆயுள் சந்தாவைக் குறைக்கச் சொல்லியும், குழுவில் நான்கு இடம் கேட்டும் மனு கொடுக்கிறோம். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் எனக்குத் தகவல் அனுப்புங்கள். பயமாக இருந்தால் வேண்டாம், பிள்ளையை நாளைக்கும் அங்கேதான் அனுப்ப வேண்டும் என்கிற பயம் எனக்கும் தெரியும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சங்கத்தின் பெற்றோர் குரூப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். வேன் நேரம் மாறினால் அங்கே மட்டும்தான் போடுவார்கள். நாளைக் காலை தாராசுரம் வழியாக வரும் வேன் எத்தனை மணிக்கு என்று தெரிந்தவர்கள் யாராவது கமெண்டில் சொல்லுங்கள்.