மஞ்சப்பைக்குள்ளே கேரிபேக்

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்தது. நானும் கொள்கையோடு மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டுதான் மார்க்கெட் போகிறேன். “கவர் வேண்டாம்ணே” என்று வாயைத் திறப்பதற்குள் தக்காளி கவருக்குள் போய் முடிச்சும் விழுந்துவிடுகிறது. பிரித்துக் கொட்டச் சொன்னால் பின்னால் நிற்பவர்கள் முறைக்கிறார்கள். முடிச்சைப் பிரிக்கையில் கிழிந்த அந்தக் கவரும் நேரே குப்பைக்குத்தான் போகிறது. எதற்கு இந்த வீம்பு?

மீன் வாங்கும் நாளில் கொள்கை சுத்தமாகக் காலி. துணிப்பையில் மத்தியை வாங்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள், தெரியும். தூக்குவாளி எடுத்துப் போகலாம்தான். ஆபீஸ் விட்டு வரும் வழியில் “அப்படியே இட்லி, சாம்பார் வாங்கிட்டு வந்துடுங்க” என்று போன் வந்தால்? தினமும் லேப்டாப்போடு தூக்குவாளியையும் சுமக்கவா முடியும்?

கடைக்காரரைத் திட்டவும் மனசு வரவில்லை. பத்து ரூபாய் கொத்தமல்லிக்குத் துணிப்பை கொடுத்தால் அவருக்குக் கட்டுமா? தடை வந்தபோதே பால் பாக்கெட்டுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். ரெய்டு, அபராதம் எல்லாம் இந்தத் தள்ளுவண்டி அண்ணனுக்குத்தான். அவரோ அதிகாரி தலை தெரிந்தால் கவர்க் கட்டைச் சாக்குக்கடியில் தள்ளிவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறார்!