ஹாய் அண்ணா, ஒரு டவுட்

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி பதினொன்றரை மணிக்கு, நான் இருக்கும் ஒரு டெலிகிராம் குழுவில் ஒரு தம்பி "ஹாய் அண்ணா" என்று போட்டார். லினக்ஸ், சர்வர், நெட்வொர்க் என்று பேசிக்கொண்டிருக்கும் குழு. எந்த அண்ணா என்று தெரியாததால் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஐந்து நிமிஷம் கழித்து, "ஒரு டவுட்." இன்னும் ஐந்து நிமிஷம் கழித்து, "யாராவது இருக்கீங்களா?" இருந்தோம். படுக்கையில் சாய்ந்தபடி அத்தனை பேரும் போனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

பிறகு ஒரு போட்டோ வந்தது. மானிட்டரை செல்போனால் கோணலாக எடுத்தது. டியூப்லைட் வெளிச்சம் சரியாக எர்ரர் வரியின் மேலேயே விழுந்திருந்தது. கீழே, "சர்வர் ஒர்க் ஆகல அண்ணா, அர்ஜென்ட்."

அடுத்த முக்கால் மணி நேரம் போலீஸ் விசாரணை மாதிரி போனது. எந்த லினக்ஸ்? என்ன செய்தபோது நின்றது? அந்த வரியை டைப் செய்து அனுப்ப முடியுமா? ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கி, கடைசியில் விஷயம் வெளியே வந்தது. டிஸ்கில் இடமில்லை என்று சர்வர் சொல்கிறது. டிஸ்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளை போட்டால் 40 சதவீதம் காலி என்று காட்டுகிறது. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இரண்டு நிமிஷ வேலை. "டிஎஃப் மைனஸ் ஐ போடுங்க" என்றார் ஒருவர். போட்டால் ஐநோடு 100 சதவீதம்.

பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஐநோடு என்பது ஒரு கோப்பைப் பற்றிய விவரங்களை டிஸ்கில் குறித்து வைக்கும் சீட்டு மாதிரி. லினக்ஸ் டிஸ்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையை அமைக்கும்போதே, வழக்கமான கணக்கில் 16 கேபிக்கு ஒன்று வீதம் ஐநோடுகளை ஒதுக்கிவிடும். ஒரு கோப்புக்கு ஒரு ஐநோடு வேண்டும். பொடிப்பொடிக் கோப்புகள் லட்சக்கணக்கில் சேர்ந்துவிட்டால் டிஸ்க் காலியாகவே இருக்கும், ஐநோடு தீர்ந்துவிடும். பந்தியில் சாப்பாடு இருக்கிறது, இலை தீர்ந்துபோச்சு என்பார்களே, அது மாதிரி. தம்பியின் சர்வரில், வலைத்தளத்துக்கு வந்து போகிறவர்களுக்காக பிஎச்பி உருவாக்கும் செஷன் கோப்புகளை யாரும் கூட்டிப் பெருக்காமல் மலையாகக் குவித்து வைத்திருந்தார்கள். ஆர்எம் கட்டளை போட்டு அழிக்கப் பார்த்தால் பட்டியல் ரொம்ப நீளம் என்று மறுத்தது. ஃபைண்ட் கட்டளையோடு டிலீட் சேர்த்து அழிக்கச் சொன்னோம்.

தம்பி ஒரு கட்டைவிரல் படம் போட்டுவிட்டுப் போனார். அழித்தாரா, சர்வர் எழுந்ததா, மறுபடி குவியாமல் இருக்க ஏதாவது செய்தாரா, இதை எழுதும் நிமிஷம் வரை தெரியாது.

மறுநாள் குழுவில் ஒருவர், "இந்தக் காலத்துப் பசங்களுக்கு மரியாதையே தெரியல" என்று எழுதினார். எனக்கு அங்கேதான் இடிக்கிறது. மரியாதையில் தம்பி ஒரு குறையும் வைக்கவில்லை. மேலே போய் எண்ணிப் பார்த்தேன், முக்கால் மணி நேரத்தில் 31 "அண்ணா". நம் பழக்கத்தில் மரியாதை முழுக்க விளிச்சொல்லில் இருக்கிறது. சார், அண்ணா, ஐயா, கைகூப்பும் படம். முகம் தெரியாத இருநூறு பேரிடம் ஒரு தொழில்நுட்பச் சிக்கலைக் கொண்டுபோகும்போது அதெல்லாம் செல்லாத காசு. எதிராளியின் நேரத்தைத் தின்னாமல் கேட்டால் அதுதான் கும்பிடு. "டேய், இது வெர்ஷன், இது எர்ரர், இதுவரைக்கும் இதெல்லாம் செஞ்சு பாத்துட்டேன்" என்று ஒருவன் கேட்டால், சத்தியமாக அவனைத்தான் நான் மரியாதை தெரிந்தவன் என்பேன். (என்னை டேய் போட வேண்டாம். ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.)

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது மடற்குழு, அதாவது மெயிலிங் லிஸ்ட். இப்போது இருபது வயதில் இருப்பவர்களுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. ஒரு முகவரிக்கு மடல் போட்டால் சேர்ந்திருக்கும் எல்லோருக்கும் போகும், அவ்வளவுதான். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் இன்றைக்கும் பெரும்பாலும் அப்படித்தான் உருவாகிறது. யூனிகோடு நம் கைக்கு வருவதற்கு முன்னால், ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியேற்றம் (எழுத்தைக் கணினிக்குள் எண்ணாகக் குறிக்கும் முறை) என்று தமிழ் கிடந்து அல்லாடிய 90களில், டிஸ்கி என்ற பொதுக் குறியேற்றத்தைப் பல நாட்டுத் தமிழர்கள் சண்டை போட்டுச் சமாதானமாகி உருவாக்கியதும் ஒரு மடற்குழுவில்தான்.

2005இல் ஒரு லினக்ஸ் பயனர் குழுவுக்கு என் முதல் மடலை அனுப்பினேன். தலைப்பு "ஹெல்ப்", பக்கத்தில் மூன்று ஆச்சரியக்குறி. திரையைப் படமெடுத்து, பிஎம்பியாகச் சேமித்து, சுருக்காமல் அப்படியே இணைத்தேன். 2 எம்பிக்கு மேல். அன்று பாதிப் பேர் டயல்அப்பில் இருந்தார்கள், நிமிஷத்துக்குக் காசு. ஒரு பெரியவர் பதில் போட்டார்: "தம்பி, உங்கள் படம் இறங்க எனக்குப் பத்து நிமிஷம் ஆனது. அதில் எழுத்து இரண்டே வரி. அந்த இரண்டு வரியைத் தட்டச்சு செய்ய உங்களுக்கு எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும்?" காது சூடாகிவிட்டது. அதற்குக் கீழேயே என் சிக்கலுக்குத் தீர்வையும் எழுதியிருந்தார் என்பதை அரை மணி நேரம் கழித்துத்தான் கவனித்தேன். கோபத்தில் கீழே உருட்டிப் பார்க்கவில்லை.

ஆக, இந்த விதிகளை யாரோ ஆச்சாரம் பார்க்கிறவர்கள் எழுதவில்லை. நேரமும் காசும் வீணாகி, வீணாகி, எழுதி வைத்தது. 1995 அக்டோபரில் ஆர்எஃப்சி 1855 என்று இணைய நடத்தைக்கு ஒரு வழிகாட்டி வந்தது. எல்லாம் பெரிய எழுத்தில் அடித்தால் கத்துவது போல இருக்கும், கையொப்பம் நாலு வரிக்குள் இருக்கட்டும், கோபத்தில் எழுதியதை ஒரு ராத்திரி ஆறப்போட்டு அனுப்பு என்றெல்லாம் அதில் இருக்கிறது. முப்பது வருஷம் ஆச்சு. அந்த மூன்றாவதை மட்டும் நாம் கடைப்பிடித்திருந்தால் முகநூலே இருக்காது. கர்னல் குழு இன்னும் கறார். வண்ண எழுத்து, அலங்காரம் என்று எச்டிஎம்எல்லில் மடல் போட்டால் சர்வரே திருப்பி அனுப்பிவிடும். ஒரு பேட்ச், அதாவது நிரலில் ஒரு திருத்தம், அனுப்பிவிட்டு, "சார் பார்த்தீங்களா" என்று கேட்க வேண்டுமானால் குறைந்தது ஒரு வாரம் பொறு என்று ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் ஐந்து நிமிஷத்தில் "யாராவது இருக்கீங்களா" என்கிறோம்.

மடலுக்குப் பதில் எழுதும் முறை ஒன்று உண்டு. இதில்தான் புதியவர்கள் அதிகம் திட்டு வாங்குவார்கள். முந்தைய மடல் முழுவதையும் கீழே தொங்கவிட்டு, உச்சியில் "ஓகே, ட்ரை பண்றேன்" என்று எழுதக் கூடாது. எந்த வரிக்குப் பதில் சொல்கிறோமோ அந்த வரியை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை வெட்டிவிட்டு, அதன் அடியில் எழுத வேண்டும். வெள்ளைக்காரன் கண்டுபிடித்த சடங்கு என்று நானும் முதலில் முணுமுணுத்தேன். யோசித்துப் பார்த்தால் நம் உரையாசிரியர்கள் பனையோலையில் செய்தது இதேதான். மூலத்தின் ஒரு தொடரை எடுத்து வைத்து, அடியில் பொருள் சொல்லி, "அஃதென்னை எனின்" என்று எதிராளியின் கேள்வியையும் தாங்களே கேட்டு, பதிலும் எழுதி, அடுத்த தொடருக்குப் போவார்கள். மூலத்தை முழுசாகக் கீழே தொங்கவிட்டு "நல்ல பாட்டு, நன்றி" என்று எந்த உரையாசிரியரும் மேலே எழுதியதில்லை.

நன்றாகக் கேட்பது எப்படி என்று யாராவது என்னிடம் கேட்டால் 1991 ஆகஸ்ட் 25ஐக் காட்டுவேன். ஹெல்சின்கியில் 21 வயது மாணவர் ஒருவர், மினிக்ஸ் என்ற இயக்க முறைமையின் பயனர்களுக்கான செய்திக்குழுவில் ஒரு சின்னக் குறிப்பு போட்டார். பொழுதுபோக்காக ஒரு இயக்க முறைமை செய்கிறேன், பெரிதாக ஒன்றும் வராது. மினிக்ஸில் உங்களுக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது, சொல்லுங்கள். இதுவரை பேஷ் 1.08, ஜிசிசி 1.40 என்ற இரண்டு நிரல்களும் ஓடுகின்றன. என்னிடம் இருக்கிற வகை ஹார்ட் டிஸ்க்கைத் தவிர வேறு எதிலும் அநேகமாக ஓடாது. என்ன செய்கிறேன், எதுவரை வந்திருக்கிறேன், எது முடியாது, உங்களிடம் எனக்கு என்ன வேண்டும், எல்லாம் அதில் இருக்கிறது. வெர்ஷன் எண் உட்பட. பின்னால் லினக்ஸ் என்று பெயர் பெற்ற அதைச் செய்த அந்த லினஸ் டோர்வால்ட்ஸ் "ஹாய் அண்ணா, ஒரு டவுட்" என்று தொடங்கியிருந்தால் யாராவது திரும்பிப் பார்த்திருப்பார்களா என்று தெரியவில்லை.

பள்ளியில் வினா ஆறு, விடை எட்டு என்று மனப்பாடம் செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? மார்க்குக்காகப் படித்தது. இருபது வருஷம் மடற்குழுக்களில் கிடந்த பிறகு சொல்கிறேன், அதைவிடத் துல்லியமாக ஒரு தொழில்நுட்பக் குழுவை யாரும் படம்பிடித்ததில்லை. தனக்குத் தெரிந்ததையே பிறரைச் சோதிக்கக் கேட்பது அறிவினா. ஒவ்வொரு குழுவிலும் இரண்டு பேர் இதற்கென்றே இருப்பார்கள். "இதுவா, அதுவா?" என்பது ஐய வினா. எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் கேட்பவர் பாதித் தூரம் நடந்துவிட்டு வந்திருக்கிறார்.

விடைகளைப் பாருங்கள். ஒரு சுட்டியைப் போட்டுவிட்டுப் போவது சுட்டு விடை. "போய் மேனுவலைப் படி" என்பது ஏவல் விடை. புத்தகத்தில் "இது செய்வாயா?" என்றால் "நீயே செய்" என்று இருக்கும், அச்சு அசல். "எனக்கும் அதே பிராப்ளம் ப்ரோ" என்பது உற்றது உரைத்தல். உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் பிரிண்டர் வேலை செய்யவில்லை என்றால் "டெபியனுக்கு மாறுங்க" என்பது இனமொழி. ஆடத் தெரியுமா என்றால் பாடத் தெரியும் என்பது. இந்த எட்டில் எது உண்மையில் உதவும் என்றால், நேர்விடையைக்கூடச் சொல்ல மாட்டேன், வினா எதிர் வினாதல் என்பேன். "என்ன வெர்ஷன்? லாகில் என்ன வருது? கடைசியா எதை மாத்தினீங்க?" கேட்டவருக்கு எரிச்சல் வரும். ஆனால் பாதிச் சிக்கல் அந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடும்போதே அவிழ்ந்துவிடும்.

ஏவல் விடைக்காரர்கள் மேல் எனக்கு வெகுநாள் பெரிய மரியாதை இருந்தது. கறாராக இருப்பதுதான் தரம் என்று நினைத்தேன். நானும் நிறையப் பேரை விரட்டியிருக்கிறேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அந்தக் கறாருக்கே பேர்போன டோர்வால்ட்ஸ், 2018 செப்டம்பர் 16 அன்று, கர்னல் 4.19இன் சோதனைப் பதிப்பு ஒன்றை அறிவிக்கும் மடலிலேயே தன் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நாள் ஒதுங்கினார். அடுத்த மாதம் திரும்பி வந்தார். கர்னல் அதனால் தரம் தாழ்ந்து போய்விடவில்லை. என் பிஎம்பி படத்துக்குத் திட்டிய பெரியவர் திட்டோடு தீர்வையும் எழுதியதால்தான் நான் அந்தக் குழுவில் தங்கினேன். தீர்வு இல்லாமல் திட்டு மட்டும் வாங்கியவர்கள் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. போனவர்கள் போனதாகச் சொல்லிவிட்டுப் போவதில்லையே.

சில்லறை விஷயங்கள் நிறைய உண்டு. லாகை, அதாவது கணினி எழுதிவைக்கும் பதிவை, ஒட்டும் முன் பாஸ்வேர்டை எடுத்துவிடுங்கள். ஆபீஸ் மெயிலிலிருந்து பொதுக் குழுவுக்கு எழுதி, அடியில் "இது ரகசியம், உங்களுக்கு இல்லையென்றால் அழித்துவிடவும்" என்று பத்து வரி தொங்கவிடாதீர்கள். குழுவில் கேட்க வேண்டியதைத் தனியாக இன்பாக்ஸில் கேட்காதீர்கள். கடைசியாகச் சொன்னதற்கு நம் ஊரில் பெயர் கூச்சம். நாலு பேர் முன்னால் தெரியாது என்று காட்டிக்கொள்ளக் கூச்சம். எனக்குப் புரிகிறது. ஆனால் தனியாகக் கேட்டால் பதிலும் தனியாகவே செத்துப்போகும்.

என் கதைக்கு வருகிறேன். தம்பியின் கட்டைவிரலைப் பற்றி இவ்வளவு பேசும் யோக்கியதை எனக்கு இல்லை.

மூன்று மாதம் முன்பு முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து மடல் வந்தது. அவர் ஊரில் ஒரு அரிசி மண்டியில் பழைய கணினி, உபுண்டு 10.04, யூஎஸ்பி ஒயர் போட்ட டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். ஒரு பில் அடிக்கும், அடுத்த பில் அப்படியே நிற்கும். தேடியதில், 2010இல் அதே சிக்கலை அச்சுப் பிசகாமல் ஒரு மடற்குழுவில் ஒருவர் கேட்டிருக்கிறார். இழையின் கடைசி மடலும் அவருடையதுதான்: "சரியாயிடுச்சு, எல்லாருக்கும் நன்றி." எப்படிச் சரியானது என்று ஒரு வார்த்தை இல்லை. "சார், அந்த மெயில் நீங்க போட்டது. எப்படி சரி பண்ணீங்கன்னு சொல்ல முடியுமா?"

ஞாபகம் இல்லை. பழைய டைரி, பழைய டிஸ்க் எல்லாம் புரட்டினேன். இல்லை. அதையே எழுதி அனுப்பினேன்.

நாலு நாள் கழித்து அவரே எழுதினார். யூஎஸ்பிஎல்பி என்ற கர்னல் மாட்யூலும் அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸும் ஒரே பிரிண்டருக்கு மல்லுக்கட்டுகின்றன, அந்த மாட்யூலை பிளாக்லிஸ்ட்டில், அதாவது தடைப்பட்டியலில், போட்டதும் பில் மடமடவென்று வருகிறது. எந்தக் கோப்பில் எந்த வரி சேர்த்தார், கர்னல் வெர்ஷன் என்ன, எல்லாம் எழுதியிருந்தார். சார் என்று ஒரே ஒரு தடவை.

அன்று ராத்திரியே அதை அப்படியே எடுத்து, அவர் கண்டுபிடித்தது என்று குறித்து, 2010 இழைக்குப் பதிலாக அனுப்பினேன். இரண்டு நிமிஷத்தில் மடல் திரும்பி வந்தது. அந்த முகவரி இப்போது இல்லை.