பச்சைப் பலகை வெயிலில் காயாது, வெடிக்கும்

தோட்டத்து வேம்பை வெட்டி, பலகையாக அறுத்து, பத்து நாள் நல்ல வெயிலில் போட்டால் கட்டில் செய்துவிடலாம் என்று சிலர் சொல்வது தப்பு. நம்பிச் செய்தால் அடுத்த கோடைக்குள் மூட்டெல்லாம் ஆடிப்போகும். வெயில் மேல்பக்கத்தை மட்டும் காயவைக்கும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும், மேலே சுருங்கப் பார்க்க உள்ளே விடாமல் பிடிக்க, அந்த இழுபறியில்தான் பலகை பிளக்கிறது. ஈரப்பதம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கவே தொடங்கும், அதுவும் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் இல்லை, மரத்தின் நடுவிலிருந்து வெளியே போகும் திசையைவிட, வளையத்தை ஒட்டிய திசையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அறுத்த கையோடு இரண்டு முனையிலும் பெயிண்டோ மெழுகோ பூசிவிடுங்கள், ஈரம் அந்த வழியாகத்தான் படுவேகமாக ஓடும். அப்புறம் காற்றோட்டமான நிழலில், தரையிலிருந்து ஓரடி தூக்கி, பலகைக்குப் பலகை முக்கால் இஞ்ச் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து அடுக்குங்கள். ரீப்பர்கள் மேலிருந்து கீழ்வரை ஒரே நேராக இருக்கட்டும், விலகினால் பலகை அலையலையாக நெளிந்து காயும் (அதை இழைத்து நேராக்குவதற்குள் ஆசாரி நம்மைத் திட்டித் தீர்த்துவிடுவார்). ஒரு இஞ்ச் பலகைக்கே மாதக்கணக்கில் ஆகும், கட்டில் கால் கனத்துக்கு இன்னும் ரொம்ப. ஈரப்பத மீட்டரில் 12 சதவீதம் பக்கம் வந்தால் வேலையைத் தொடங்கலாம். அவசரம் என்றால் சீசனிங் சேம்பர் (மரத்தைக் காயவைக்கும் சூட்டறை) உள்ள மில்லில் கொடுங்கள், செலவுதான்.

வேம்பில் பூச்சியே வராது என்பதும் பாதி உண்மை. சேகு (நடுவில் உள்ள கெட்டி மரம்) தாங்கும், வெளிறை (சேகைச் சுற்றியுள்ள வெளிர் மரத்தை) வண்டு துளைத்து மாவாகக் கொட்டிவிடும், அதை அறுக்கும்போதே கழித்துவிடுங்கள்.