சத்துணவுத் தட்டுக்குக் கேட்காத சான்றிதழ்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் இப்போதைய கட்டம் 2022 ஜனவரி 11 அன்று ஐந்தாண்டுகளுக்கெனத் தொடங்கப்பட்டது. 2027 ஜனவரியோடு அந்தக் காலம் முடிகிறது. அதன்பின் புதிய ஒப்பந்தம் போட்டாக வேண்டும். அப்படி ஒப்பந்தம் போடும் நேரங்களில் எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு தொகை, எந்த மருத்துவமனை பட்டியலுக்குள், எது வெளியே என்பதெல்லாம் விரிவாகப் பேசப்படும். எந்தக் குடும்பம் உள்ளே, எது வெளியே என்பது மட்டும் பெரும்பாலும் பழைய கோப்பில் இருந்தபடியே நகர்ந்துவிடும். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு வருமானச் சான்று கேட்காமலேயே இந்தக் காப்பீட்டை வழங்க வேண்டும் என்பது என் கோரிக்கை. முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையிலும், கீழே சொல்லப்போகும் ஒரு பொய்யில் பங்கு கொண்டவள் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு குடும்பம் இருக்கிறது. கணவர் குட்டியானை ஓட்டுகிறார், வண்டி அவருடையது அல்ல. மனைவி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். மூத்த பெண்ணுக்கு நான்கு வயதிருக்கும்போது அங்கன்வாடிக்குப் பரிசோதனைக்கு வந்த மருத்துவக் குழுவின் டாக்டர், குழந்தையின் நெஞ்சில் வைத்த ஸ்டெதாஸ்கோப்பை எடுக்காமல் நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாராம். 2013-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி இந்தக் குழுக்கள் அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வருகின்றன. என் வகுப்பறையிலேயே இவர்கள் கண்டுபிடித்த பிள்ளைகள் மூன்று பேர் உண்டு. இந்தக் குழந்தைக்கு எக்கோ எடுத்துப் பார்த்ததில் இதயத்தின் கீழறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் ஓட்டை இருந்தது. சிறிய ஓட்டை பல குழந்தைகளுக்குத் தானாகவே மூடிக்கொள்ளும் என்றும், இது அந்த அளவைத் தாண்டியது என்றும், காலம் கடத்தினால் நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறி, பிறகு அறுவை சிகிச்சை செய்தும் பயனில்லாத நிலை வரக்கூடும் என்றும் சொல்லியனுப்பினார்கள்.

அதன் பிறகுதான் காகிதம் தொடங்கியது. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்தார்கள். மனைவிக்குக் கம்பெனியில் பி.எஃப். பிடிப்பதால் சம்பளத்தை மறைக்க அவர்களுக்குத் தோன்றவும் இல்லை, தெரியவும் இல்லை. கணவருடைய வரும்படியையும் சேர்த்து ஆண்டு வருமானம் 1,56,000 ரூபாய் என்று சான்று வந்தது. திட்டத்தின் வரம்போ 1,20,000 ரூபாய். காப்பீட்டு அட்டை பதியும் இடத்தில் இருந்தவர் முகம் சுளிக்காமல், நிதானமாகத்தான் சொல்லியிருக்கிறார், கணினி இதை ஏற்காது என்று. அன்று மாலை அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: “ஏனுங்க டீச்சர், ஆஸ்பத்திரியில பாப்பாவுக்கு இருதயத்துல ஓட்டைங்கறாங்க, இங்க எங்களுக்கு வருமானம் ஜாஸ்திங்கறாங்க. நான் எதைங்க நம்பறது?”

மூன்று மாதம் கழித்து வேறொரு விண்ணப்பம் போடப்பட்டது. அதில் மனைவி இல்லத்தரசி. கணவர் கூலித் தொழிலாளி. 96,000 ரூபாய்க்குச் சான்று வந்தது, அட்டையும் வந்தது. அந்த விண்ணப்பத்தைத் தெளிவான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தவள் நான்தான். பொய் சொல்லக் கூடாது என்று முப்பத்திரண்டு ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய அதே கை. அறுவை சிகிச்சை நல்லபடியாக நடந்தது. பிள்ளை இப்போது ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். இழந்தது அந்த மூன்று மாதத்தையும், எக்கோவுக்கும் போக்குவரத்துக்கும் அடகு வைத்த ஒரு ஜோடித் தோட்டையும்தான் என்று குடும்பத்தார் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னதற்குத் தண்டனையும் பொய்யைச் சொன்னதற்கு அட்டையும் கிடைக்கும் என்று ஓர் ஏழைக் குடும்பம் கற்றுக்கொண்டிருக்கிறது.

அந்த வரம்பைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாய். ஆட்சியும் பெயரும் மாறி, 2012 ஜனவரியில் இப்போதைய திட்டம் தொடங்கியபோதும் அதே 72,000. 2022-ல்தான் அது 1,20,000 ஆக உயர்த்தப்பட்டது. மாதம் பத்தாயிரம் ரூபாய், அதுவும் ஒரு குடும்பம் முழுவதற்கும். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் நிர்ணயிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். ஒருவருக்கு அந்தக் கூலி ஞாயிறு, தீபாவளி பாராமல் 365 நாளும் கிடைப்பதாக வைத்துக்கொண்டால் 1,22,640 ரூபாய் வருகிறது. வரம்பைவிட 2,640 ரூபாய் அதிகம். அதாவது நூறு நாள் வேலைக்கு மத்திய அரசு நிர்ணயித்த கூலியை ஒரே ஒருவர் ஆண்டு முழுவதும் வாங்கினால், அவர் பிள்ளை இந்தக் காப்பீட்டுக்குத் தகுதியில்லாத வசதி படைத்த வீட்டுப் பிள்ளை ஆகிவிடுகிறது. இதே மாநில அரசு 2023-ல் மகளிர் உரிமைத் தொகை வழங்கத் தொடங்கியபோது குடும்ப வருமான வரம்பை இரண்டரை லட்சம் என்று வைத்தது. அதற்குத் தனியாக வருமானச் சான்று வாங்கத் தேவையில்லை என்றும் சொன்னது. மாதம் ஆயிரம் ரூபாய்க்கு ஏழையாக ஏற்கப்பட்ட வீடு, குழந்தையின் இதய அறுவை சிகிச்சைக்கு ஏழையாக ஏற்கப்படவில்லை என்றால் எங்கோ பிசகியிருக்கிறது.

சரி, வரம்பை உயர்த்திவிட்டால் போதாதா என்று கேட்கலாம். பெரியவர்களைப் பொறுத்தவரை போதும் என்றே நினைக்கிறேன். பிள்ளைகளைப் பொறுத்தவரை போதாது, ஏனெனில் அவர்களுடைய நோய்களுக்குத் தவணை உண்டு. காது கேளாமல் பிறக்கும் குழந்தைக்குக் காக்ளியர் இம்ப்ளாண்ட் என்னும் கேட்புக் கருவியை அறுவை சிகிச்சை செய்து உட்காதில் பொருத்த இத்திட்டம் வகை செய்திருக்கிறது. பல லட்சம் ரூபாய் பிடிக்கும் சிகிச்சை அது, தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய ஏற்பாடு. ஆனால் ஆறு வயதுக்குள் பொருத்த வேண்டும். உண்மையில் மூன்று வயதுக்குள் பொருத்தினால்தான் பேச்சு நன்றாக வரும். தந்தை வேலை மாறியதாலோ, குடும்ப அட்டையில் குழந்தையின் பெயர் ஏறாததாலோ, சான்று காலாவதியானதாலோ ஒன்றரை ஆண்டு போய்விட்டால், அட்டை பிறகு கிடைக்கும். போன பேச்சு கிடைக்காது. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வரும் வகை ரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு முதல் மூன்று ஆண்டு வரை மருந்து இடைவிடாமல் போக வேண்டும். அந்த மூன்று ஆண்டுகளுக்குள் ஒரு கட்டுமானத் தொழிலாளியின் வருமானம் எத்தனை முறை ஏறி இறங்கும் என்பது மேஸ்திரியைக் கேட்டால் தெரியும்.

காகிதத்தால் பிள்ளைகள் வெளியே தள்ளப்படுவது நம் ஊர்ச் சங்கதி மட்டும் அல்ல. அமெரிக்காவில் கொரோனாக் காலத்தில் எவரையும் நீக்கக் கூடாது என்றிருந்த ‘மெடிகெய்ட்’ என்னும் ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில், 2023 ஏப்ரலில் அந்தத் தடை நீங்கியதும் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டோர் நீக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தகுதி இழந்ததாகக் கண்டறியப்பட்டவர்கள் அல்லர், படிவத்தை நேரத்தில் திருப்பியனுப்பாதவர்கள், முகவரி மாறியவர்கள், இப்படி நடைமுறைக் காரணங்களால் போனவர்கள். ஆனால் அங்கே 2024 ஜனவரி முதல், ஒருமுறை சேர்ந்த குழந்தையைப் பெற்றோரின் வருமானம் இடையில் மாறினாலும் பன்னிரண்டு மாதத்துக்கு நீக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அவ்வளவு கறாரான நாடே குழந்தைகள் விஷயத்தில் ஓரடி இறங்கி வந்திருக்கிறது.

நமக்கோ அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியம்கூட இல்லை. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து, தட்டை நீட்டும் எந்தப் பிள்ளையிடமும் உன் அப்பாவின் வருமானம் என்ன என்று எவரும் கேட்டதில்லை. 2022-ல் வந்த காலை உணவுக்கும் கேட்பதில்லை. தடுப்பூசிக்குக் கேட்பதில்லை. அரசுப் பள்ளிப் பாடநூலுக்கும் கேட்பதில்லை. அந்த வழக்கத்தில் வளர்ந்த மாநிலம் மருத்துவக் காப்பீட்டுக்கு மட்டும் ஏன் தாசில்தாரின் ஒப்புதலைக் கேட்கிறது? இதே காப்பீட்டுத் திட்டத்தில் இலங்கைத் தமிழர் முகாம்களில் வாழ்வோருக்கு வருமான வரம்பு கிடையாது. அது சரியான முடிவு. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் 2024 அக்டோபர் முதல் 70 வயது நிரம்பிய எவருக்கும் வருமானம் பார்க்காமல் ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பீடு அளிக்கிறது. 2018 முதல் நம் மாநிலத் திட்டமும் அந்தத் திட்டமும் இணைந்தே நடக்கின்றன. எழுபது வயதுக்கு ஒரு நியாயம் என்றால் ஏழு வயதுக்கும் அதே நியாயம்தானே? வாக்குச் சீட்டு ஒன்றுதான் வித்தியாசம் என்று என் தோழி ஒருத்தி சொன்னாள். அவள் கொஞ்சம் கசப்பாகப் பேசுபவள்.

பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் அரசு ஏன் செலவழிக்க வேண்டும் என்பது நியாயமான கேள்வி. பணக்கார வீட்டுப் பிள்ளை இந்த அட்டையோடு வருவதில்லை என்பதே என் பதில். பொது வார்டு, திட்டம் நிர்ணயித்த தொகை, அப்ரூவல் வரும்வரை காத்திருப்பு என்ற மூன்றையும் பார்த்துவிட்டு அவர்கள் தங்கள் தனியார் காப்பீட்டோடு தனி அறைக்குப் போய்விடுவார்கள். செலவும் மலைப்பாக இருக்காது. 2022-ல் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுப் பிரீமியமாக அரசு ஒப்புக்கொண்டது 849 ரூபாய்தான். பெரியவர்களைவிடப் பிள்ளைகள் மருத்துவமனையில் சேர்வது குறைவு என்பதால் அவர்களுக்கு மட்டுமான தொகை இன்னும் குறையும்.

இதைவிட வலுவான எதிர்ப்பு ஒன்று உண்டு. காப்பீட்டுக்கு ஒதுக்கும் பணத்தின் பெரும்பங்கு தனியார் மருத்துவமனைகளுக்குப் போகிறது, அதை அரசு மருத்துவமனைகளில் போட்டால் எல்லாருக்கும் பயன்படுமே என்று பொதுச் சுகாதாரத் துறையில் உழைத்தவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனை போன்ற ஒன்று ஒவ்வொரு மண்டலத்திலும் இருந்தால் நான் இந்தப் பதிவை எழுதவே தேவையிருக்காது. ஆனால் குழந்தைகளுக்கு இதய அறுவை சிகிச்சை செய்யும் வசதி அரசுத் தரப்பில் சில நகரங்களில்தான் இருக்கிறது. காத்திருப்போர் பட்டியல் நீளம். அந்த வசதி பெருகும்வரை அட்டை வேண்டும். தவிர, அட்டையோடு வரும் நோயாளிக்குச் சிகிச்சையளித்தால் அரசு மருத்துவமனைக்கும் காப்பீட்டுத் தொகை வருகிறது. அட்டையில்லாத பிள்ளைக்குச் செய்தால் வருவதில்லை.

ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டியது இதுதான்: பிறப்புச் சான்றோ, பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் கணினியில் பதிந்து தரும் எமிஸ் எண்ணோ இருந்தால் போதும், பதினெட்டு வயது முடியும்வரை காப்பீடு உண்டு. பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளின் விவரம் முழுவதும் எமிஸில் ஏற்கெனவே இருக்கிறது. அதை ஏற்றுவதற்காக நாங்கள் எத்தனை மாலைகளைக் கணினி முன் தொலைத்தோம் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். அந்த உழைப்பு இதற்காவது பயன்படட்டும்.

இதையே மனுவாக எழுதி, போன மாதம் ஒரு திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் கொடுத்தேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற நால்வரில் இருவர் கையில் வருமானச் சான்று தொடர்பான மனு இருந்தது. ரசீது எண் குறுஞ்செய்தியாக வந்தது. பதில் இன்னும் வரவில்லை.