திறப்பு விழாவுக்கு மறுநாள் சாவி யாரிடம்?

ஊரில் முதியோர் கூடி உட்கார ஒரு இடம் வேண்டும் என்று யாராவது பேச்செடுத்தால் போதும், உடனே கட்டட பிளான் வந்துவிடுகிறது. முகப்பில் பெயர், உள்ளே பளபளப்பான டைல்ஸ், சுவரில் டிவி, மூலையில் கேரம் போர்டு. ரிப்பன் வெட்டி ஃபோட்டோ எடுத்த ஆறாவது மாதம் பூட்டு துருப்பிடிக்கிறது. காலையில் யார் திறப்பார், யார் கூட்டிக் கழுவுவார், அவருக்குச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து என்று யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். கேட்டால், "பெருசுங்க யாரும் வர்றதில்லைங்க, அதான் பூட்டிட்டோம்" என்பார்கள். இரண்டு முறை வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பிப் போன எழுபது வயதுக்காரர் மூன்றாவது முறை எதற்கு வருவார்?

என் கருத்து இதுதான்: புதுக் கட்டடம் வேண்டாம். இருக்கிற கட்டடம் ஒன்றில், வாரம் மூன்று நாள், சம்பளத்துக்கு ஒரு ஆளைப் போட்டுத் தொடங்குங்கள். கட்டுமானம் என்று செலவு செய்தால் கழிவறைக்கும் வாசல்படிக்கும் மட்டும் செய்யுங்கள்.

கணக்கு பார்ப்போம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். 2021-க்கான மதிப்பீட்டில் அது 13.6. கேரளாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான். அந்தச் சராசரியை வைத்தால் 2,000 பேர் வாழும் ஊரில் சுமார் 270 முதியோர். பத்தில் ஒருவர் வந்தாலே 27 பேர். ஆகவே 30 பேருக்குத் திட்டமிட்டால் போதும். நூறு பேருக்கு ஹால் தேடுவதுதான் முதல் தவறு. நூறு பேர் ஹாலில் இருபது பேர் உட்கார்ந்தால் இடமே வெறிச்சென்று இருக்கும், பேசுவதும் காதில் விழாது.

சரியான எண்ணிக்கை வேண்டுமென்றால் வாக்காளர் பட்டியலை எடுங்கள். வயது, கதவு எண் இரண்டும் அதில் இருக்கிறது. அறுபதுக்கு மேல் உள்ளவர்களைக் குறித்துக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். "இப்படி ஒரு இடம் வந்தால் வருவீங்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். வீடு தேடி வந்தவர் முகத்துக்கு நேரே யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். "நேற்று காலை பத்து மணிக்கு என்ன பண்ணிட்டு இருந்தீங்க? சாயங்காலம் நாலு மணிக்கு?" என்று கேளுங்கள். நேர அட்டவணை அந்தப் பதிலில் வந்துவிடும். பேரப்பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும் பாட்டிக்கு மூன்றரை மணி ஆகாது. நூறு நாள் வேலைக்குப் போகிறவருக்குக் காலை ஆகாது. மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையம் போகும் கிழமை, ரேஷனில் பொருள் போடும் நாள், ஓஏபி என்கிற முதியோர் உதவித்தொகை எடுக்கும் நாள், இவற்றோடு மோதினால் அன்று யாரும் வர மாட்டார்கள். பல ஊர்களுக்குப் பத்து முதல் ஒரு மணி வரை ஒத்துவரும். கிழமையும் நேரமும் முடிவானபின் மழை பெய்தாலும், நான்கே பேர் வந்தாலும் திறந்திருக்க வேண்டும்.

இடம் எது? இங்கேதான் நம் ஊர்களின் உண்மை முகத்தில் அறையும். கோயில் மண்டபம் காலியாக இருக்கும், விசாலமாக இருக்கும், காசும் கேட்க மாட்டார்கள். அங்கே வைத்தால் தலித் மக்கள் வாழும் காலனியிலிருந்து ஒருவரும் வர மாட்டார். இஸ்லாமியர், கிறிஸ்தவர் வர மாட்டார்கள். வரக்கூடாது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், சொல்லத் தேவையும் இருக்காது. எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லாத பொது இடமாகப் பாருங்கள்: ரேஷன் கடைப் பக்கம், பேருந்து நிறுத்தம், ஊராட்சி அலுவலக வளாகம். 2006-ல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். எத்தனையோ ஊர்களில் அது பூட்டிக் கிடக்கிறது. ஒரு அறை, நல்ல சுவர், அரசு நிலம். இதைவிடப் பொருத்தமான இடம் சுலபத்தில் கிடைக்காது. தண்ணீர்க் குடத்துக்கும் டீ டம்ளருக்கும் முதல் நாளே ஒரு விதி போடுங்கள்: எல்லோருக்கும் ஒரே டம்ளர், ஒரே வரிசை. பேப்பர் கப்பைக் கொண்டுவந்து பிரச்சினையை மூடி மறைக்காதீர்கள்.

தூரம் அரை கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். நெடுஞ்சாலையைக் கடந்து வரச் சொன்னால் பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள். வழியில் நிழலாக ஒரு கல் பெஞ்ச் போட்டால் மூட்டுவலிக்காரர்கள் வருவார்கள்.

வாசல்படிக்கு வருவோம். நம்முடைய பொதுக் கட்டடங்கள் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் நிற்கும். சாய்வுதளத்துக்கான விகிதம் ஒன்றுக்குப் பன்னிரண்டு. இரண்டடி ஏற 24 அடி நீளம் வேண்டும். கட்டி வைத்திருப்பதோ பெரும்பாலும் ஆறடி, எட்டடி. அதில் சக்கர நாற்காலியைத் தள்ளினால் தள்ளுகிறவரோடு சேர்ந்து பின்னால் வரும். கடைசியில் பைக் ஏற்றி நிறுத்தத்தான் பயன்படுகிறது. நேராக 24 அடிக்கு இடமில்லையென்றால் சுவரை ஒட்டி மடக்கிக் கட்டலாம், திரும்பும் இடத்தில் சமதளம் விட்டு. பக்கத்திலேயே 15 சென்டிமீட்டருக்கு மிகாத உயரம், 30 சென்டிமீட்டர் அகலம் கொண்ட படிகளும் இருக்கட்டும். இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி. தடியூன்றி நடக்கும் பலருக்குச் செங்குத்தான சாய்வுதளத்தைவிடக் கைப்பிடியுள்ள படிதான் வசதி.

இனி கழிவறை. ஒரு முதியோர் மையம் ஓடுமா ஓடாதா என்பதைக் கழிவறையைப் பார்த்தே சொல்லிவிடலாம். கழிவறை சரியில்லையென்றால் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். வயதானால் தாகம் எடுப்பதே குறைந்துவிடும், இதில் வேண்டுமென்றே குடிக்காமலும் இருந்தால் தலைசுற்றல், நீர்க்கடுப்பு, பிறகு வருவதையே நிறுத்திவிடுவார்கள். சக்கர நாற்காலி உள்ளே திரும்ப வேண்டுமென்றால் அறை குறைந்தது 2 மீட்டருக்கு 2.2 மீட்டர். கதவு திறந்தால் 90 சென்டிமீட்டர் வழி. வெஸ்டர்ன் டாய்லெட், உட்காரும் உயரம் 45 முதல் 48 சென்டிமீட்டர். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்தால் அவர் உடம்பே உட்பக்கம் திறக்கும் கதவை அடைத்துக்கொள்ளும். தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கும் வகையாக இருக்கட்டும். கைப்பிடிக் கம்பியைத் துண்டு போடும் கம்பி மாதிரி பிளாஸ்டிக் பிளக்கில் முடுக்காதீர்கள். எழுபது கிலோ ஆள் அதைப் பிடித்துத்தான் எழுவார், டைல்ஸோடு கையோடு வரும். செங்கல் அல்லது கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட் போட்டு, கொத்தனாரையே தொங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வாசலில் நிலைப்படி தடுக்கக்கூடாது. வழுக்காத டைல்ஸ் போட்டும் தரை எந்நேரமும் ஈரமாக இருந்தால் பயனில்லை. வாளியும் குழாயும் நடக்கும் வழியில் இல்லாமல் ஓரத்தில் இருக்கட்டும்.

நாற்காலி வாங்கும்போது கை வைத்ததையே வாங்குங்கள். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் கையில்லாத பிளாஸ்டிக் நாற்காலியில் எழுந்திருக்க ஊன்ற எதுவுமில்லை, வழவழப்பான தரையில் பின்னால் சறுக்கும். உட்காரும் உயரம் 43 முதல் 45 சென்டிமீட்டர். சுவரோரமாக அதே உயரத்தில் ஒரு திண்ணை கட்டிவிட்டால் பாதிப் பேருக்கு நாற்காலியே வேண்டாம். பாய் போட்டால் ஓரம் சுருண்டு காலைத் தட்டும்.

ஸ்பீக்கர் விஷயத்தில் நம் ஆட்களோடு சண்டை போட்டே ஆக வேண்டும். காது மந்தமானவர்கள் வருவார்கள், அதனால் மைக் வைக்கிறோம் என்பார்கள். வயதில் முதலில் போவது மெல்லிய, உச்ச ஸ்தாயி ஒலிகள். சத்தத்தைக் கூட்டினால் எதிரொலிதான் கூடும், வார்த்தை புரியாது. ஷீட் கூரையும் வெறும் சுவருமாக இருந்தால் இன்னும் மோசம். திரைச்சீலை தொங்கவிடுங்கள், எட்டுப் பேராக வட்டமாக உட்காரவையுங்கள், முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். மைக் தேவையே வராது.

அன்றாட நிகழ்ச்சி என்று பெரிதாக எதுவும் வேண்டாம். முதல் அரை மணி நேரம் வருகிறவர்களுக்கு விடுங்கள். ஒருவர் பேப்பரைச் சத்தமாக வாசிக்கட்டும். கண்புரை உள்ளவர்களும் எழுத்துத் தெரியாதவர்களும் வருவதற்கு அதுவே காரணமாகிவிடும். பிறகு இருபது நிமிடம் உடற்பயிற்சி. 65 வயதுக்கு மேல் வாரம் மூன்று நாளாவது சமநிலை, தசை வலுப் பயிற்சிகள் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று நாள் திட்டத்துக்கு இது ஒரு நல்ல காரணம். சுவரை ஒட்டி வைத்த நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, தொடக்கத்தில் ஐந்து முறை, போகப்போகப் பத்து. நாற்காலி முதுகைப் பிடித்துக் குதிகால் உயர்த்துவது. ஒரு காலின் குதியை மறுகாலின் விரலோடு ஒட்டி வைத்துப் பத்து விநாடி நிற்பது. இதைச் சொல்லித்தர பிசியோதெரபிஸ்ட் ஒரு நாள் வந்தால் போதும். யோகா மாஸ்டரைக் கூட்டி வந்து தரையில் படுக்கவைத்தீர்களென்றால், எழுப்புவதற்கு நான்கு பேர் வேண்டும். அன்று நெஞ்சுவலி, தலைசுற்றல் என்பவருக்கும், பிரஷர் 180-க்கு 110-ஐத் தாண்டியவருக்கும் பயிற்சி கிடையாது. அவர்கள் ஆஸ்பத்திரிக்கு.

அப்புறம் டீ. முப்பது பேருக்கு ஆளுக்கு 100 மில்லி வீதம் மூன்று லிட்டர். சர்க்கரையைத் தனியாக வையுங்கள். சுண்டல் என்றால் காய்ந்த பயறு ஒரு கிலோ தாராளம். கொண்டைக்கடலையைவிடப் பச்சைப்பயறு மேல், பல் இல்லாதவர்கள் தொகை அதிகம். மத்தியானச் சாப்பாட்டை முதல் ஆறு மாதம் தொடாதீர்கள். சமையல் வந்துவிட்டால் கேஸ், பாத்திரம், காய்கறி, யாருக்கு முதலில் பரிமாறினார்கள் என்ற மனத்தாங்கல் என்று அந்த மூன்று மணி நேரமும் அடுப்படியிலேயே போய்விடும். சாப்பாட்டுக்கு வழியில்லாதவர் நான்கைந்து பேர் இருந்தால், மகளிர் குழுவிடம் பொட்டலமாக வாங்கிக் கொடுங்கள். அலமாரியில் சர்க்கரை டப்பாவும் குளுக்கோமீட்டரும் கட்டாயம். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்து வியர்த்து நடுங்குகிறவருக்கு, நினைவோடு விழுங்க முடிகிற நிலையில், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடி சோதிக்க வேண்டும். நினைவு தடுமாறினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108.

மீதி நேரம் அவர்களுடையது. தாயம், பல்லாங்குழி, கேரம், பூத்தொடுப்பது, சும்மா பேசுவது. காசு வைத்துச் சீட்டு மட்டும் கூடாது. விழிப்புணர்வு உரைகளை மாதம் ஒன்றோடு நிறுத்துங்கள். வாழ்நாள் முழுக்க விவசாயம் பார்த்தவருக்கு, முப்பது வயது ஆள் மைக் பிடித்து வாழ்க்கைப் பாடம் நடத்துவது அவமரியாதை. வேலையைக் கொடுங்கள்: கணக்கு நோட்டு ஒருவருக்கு, டீ ஒருவருக்கு, வாசல் செடி ஒருவருக்கு. 2004 சுனாமிக்குப் பிறகு ஹெல்ப்ஏஜ் இந்தியா கடலோரத்தில் அமைத்த முதியோர் சுயஉதவிக் குழுக்களில் சேமிப்பையும் கடனையும் நிர்வகித்தவர்கள் முதியோர்தான்.

மூன்றாவது மாதம் ஒரு சிக்கல் வரும். ஓய்வுபெற்ற ஆசிரியர், வி.ஏ.ஓ. என்று பேசத் தெரிந்த நான்கு ஆண்கள் ஃபேனுக்கு அடியில் இருக்கும் நாற்காலிகளைத் தங்களுடையதாக்கிக்கொள்வார்கள். கட்சி அரசியல் சூடுபிடிக்கும். பெண்கள் சத்தமில்லாமல் நின்றுவிடுவார்கள். ஆண்களுக்கு டீக்கடை இருக்கிறது, அரசமரத்தடி இருக்கிறது. பெண்களுக்குத்தான் வேறு இடமில்லை. ஆகவே மையத்தை நடத்தும் குழுவில் பாதிக்கு மேல் பெண்கள், பொறுப்பாளரும் பெண்ணாக இருந்தால் நல்லது.

பொறுப்பாளர் எதற்கு? வருகைப் பதிவேட்டை வந்தவர்களை எண்ணுவதற்காக வைப்பதில்லை. தொடர்ந்து இரண்டு நாள் வராதவர் வீட்டுக்கு மூன்றாவது நாள் போவதற்காக. விழுந்து கிடப்பது, மகனோடு சண்டை, மாத்திரை தீர்ந்துபோனது எல்லாம் அப்படிப் போகும்போதுதான் தெரியவரும். வீட்டில் கொடுமை என்றால் முதியோர் உதவி எண் 14567-ஐப் போட்டுக் கொடுக்க வேண்டியதும் அவர்தான். இதை ஓசியில் யாரும் தொடர்ந்து செய்ய மாட்டார்கள்.

செலவு? அரைநேரப் பொறுப்பாளருக்கு மாதம் 8,000. டீ, சுண்டல் ஆளுக்கு 15 ரூபாய், 30 பேர், 13 நாள்: 5,850. கழிவறை சுத்தத்துக்கு நாளுக்கு 150 வீதம் 1,950. இரண்டு பேப்பர் 600. சோப்பு, பினாயில், ஆட்டோ, குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் எல்லாம் சேர்த்து 1,600. மொத்தம் 18,000, வருடத்துக்கு 2,16,000. இருபது லட்சத்தில் கட்டடம் கட்டும் காசு கையில் இருந்தால் ஒன்பது வருடம் ஓட்டலாம். 2025-26 பட்ஜெட்டில் மாநகராட்சிகளுக்கு 25 அன்புச்சோலை முதியோர் மையங்கள், 10 கோடி ரூபாய் என்று அரசு அறிவித்தது. வரவேற்கிறேன். அது தன்னிடம் வரும்வரை கிராமம் காத்திருக்க வேண்டியதில்லை.

அக்டோபர் 1 முதியோர் தினத்தன்று சால்வை போர்த்துவார்கள். மறுநாள் கிராம சபை. அங்கே தீர்மானம் கொண்டுவாருங்கள். 'ஆவன செய்யப்படும்' என்று முடித்திருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். எந்தக் கட்டடம், எந்தக் கிழமைகள், எத்தனை மணி, பொறுப்பாளர் சம்பளம் ஊராட்சி நிதியிலா நன்கொடையிலா, கழிவறை வேலை முடியும் தேதி, சாவி இருக்கப்போகும் வீட்டின் கதவு எண். இவை எழுதியிருக்கிறதா என்று வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.